பன்னிரண்டு வார மாத்திரை யாருக்குச் சொந்தம்?

(ஈப்போவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மருந்துக் காப்புரிமை பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். 'அது வக்கீல்கள் பேசுகிற விஷயம், நமக்கென்ன வந்தது?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் என் உத்தியோகக் காலம் முழுவதும் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். சீட்டை நீட்டும் கைகளைப் பார்த்தே தோட்டத்துக்காரரா, பட்டணத்துக்காரரா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கைகளில் மருந்தை வைக்க முடிந்த நாளும் உண்டு, முடியாத நாளும் உண்டு. முடியாத நாட்களில் காரணம் என்ன? மருந்தே கண்டுபிடிக்கப்படவில்லையா? பல நேரங்களில் அப்படி இல்லை. மருந்து இருந்தது, விலைதான் எட்டவில்லை. அந்த விலைக்குப் பின்னால் இருந்தது காப்புரிமை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. உயிர் காக்கும் மருந்தின் மீது ஒரு நிறுவனத்துக்குக் காப்புரிமை இருந்தாலும், அந்த மருந்தை மக்களுக்கு வாங்கிக் கொடுக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. நம் நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. மலேசியா அதைப் பயன்படுத்தியும் காட்டியிருக்கிறது. 2003-இல் ஒரு முறை, 2017-இல் இன்னொரு முறை. இரண்டாவது முறை உலகமே நம்மைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பேராக் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து இந்த மாநிலத்தின் ரப்பர்க் கதை ஆரம்பமாகிறது. பால்மரம் வந்தது, நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள், அவர்களோடு மலேரியாக் காய்ச்சலும் வந்து சேர்ந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் கொயினாத் தண்ணியைக் கலக்கி வைத்திருப்பாராம். குடித்தபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வாராம், அவ்வளவு கசப்பு! என் பாட்டி சொல்லிக் கேட்டது. அந்தக் கொயினாவைச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு மருந்தாளர்கள். அவர்கள் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. செய்முறையை எழுதி வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம் என்ற நிலை இருந்ததால்தான் அது உலகெங்கும் பரவியது, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம்வரை வந்தது.

அதற்காகக் காப்புரிமையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு புது மருந்தைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன, பெரும்பணம் செலவாகிறது. பத்து முயற்சியில் ஒன்பது தோற்கிறது. உழைத்தவனுக்குப் பலன் வேண்டாமா? வேண்டும். அதனால்தான் அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. கண்டுபிடித்தவர் தம் செய்முறையை உலகறியச் சொல்லிவிட வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், அவர் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது. இதுதான் காப்புரிமை.

நிலத்தை வைத்துச் சொன்னால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு உடனே புரியும். நிலத்துக்குப் பட்டா கொடுப்பது அரசாங்கம். அதே அரசாங்கத்துக்கு நெடுஞ்சாலை போட வேண்டும் என்றால், இழப்பீடு கொடுத்து அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். நம் கண் முன்னாலேயே எத்தனை தோட்டங்கள் அப்படிப் போயின! சாலைக்காக நிலத்தை எடுக்க முடியுமென்றால், சாகக் கிடப்பவனுக்காக ஒரு மருந்தை எடுக்க முடியாதா? முடியும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், அதன் 84-ஆம் பிரிவு. நாட்டின் அவசரத் தேவைக்காகவோ பொதுநலனுக்காகவோ, காப்புரிமை உள்ள ஒரு பொருளை அதன் உரிமையாளரின் சம்மதம் இல்லாமலேயே அரசாங்கம் பயன்படுத்தலாம். அவருக்கு உரிய தொகையைக் கொடுத்துவிட வேண்டும். இது திருட்டல்ல, சட்டம். உலக வர்த்தக நிறுவனத்தின் ஒப்பந்தமே இதற்கு இடம் கொடுக்கிறது. 2001 நவம்பரில் டோஹாவில் கூடிய உறுப்பு நாடுகள், மக்களின் உடல்நலத்தைக் காக்க இந்த வழியில் போக ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு என்று ஒருமித்து அறிவித்தன.

சரி, சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடந்தது? அதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் சி என்று ஒரு நோய். கல்லீரலைத் தாக்கும் வைரஸ். ரத்தத்தின் வழியே பரவுகிறது. 1990-களின் நடுப்பகுதிக்கு முன், இந்த வைரஸுக்கான பரிசோதனை பரவலாக வராத காலத்தில், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வந்திருக்கலாம். சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு வந்திருக்கலாம். போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு வந்திருக்கலாம். வந்தது தெரியாது. இருபது, முப்பது ஆண்டுகள் ஓசையில்லாமல் உள்ளே இருக்கும். தெரியும்போது கல்லீரல் சுருங்கிப்போயிருக்கும், வயிற்றில் நீர் கோத்திருக்கும், சிலருக்குப் புற்றுநோயாகவே மாறியிருக்கும். மலேசியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

பழைய வைத்தியம் என்னவென்று தெரியுமா? வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. 24 வாரம், சிலருக்கு 48 வாரம். ஊசி போட்ட இரவெல்லாம் காய்ச்சலும் நடுக்கமும். முடி கொட்டும், மனம் சோர்ந்துபோகும். பாதியில் விட்டுவிட்டு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ஐயா, நோய் தேவலை, இந்த மருந்துதான் என்னைக் கொல்லுது' என்று கவுண்டரிலேயே ஊசிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் ஒரு லாரி ஓட்டுநர். நான் அவரைக் கெஞ்சினேன். அவர் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் சோஃபோஸ்புவிர் வந்தது. நாள் ஒன்றுக்கு ஒரு மாத்திரை, டாக்ளாட்டாஸ்விர் போன்ற துணை மாத்திரை ஒன்றோடு சேர்த்து. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டே வாரம். நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூற்றைந்து பேர் முழுமையாகக் குணமாகிறார்கள். இதைக் கேள்விப்பட்டபோது ஒரு மருந்தாளன் என்ற முறையில் எனக்குக் கண்ணீரே வந்தது. ஃபார்மாசெட் என்ற சிறிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் மைக்கல் சோஃபியா என்பவரின் குழு உருவாக்கிய மருந்து அது. அவரை நான் மனமாரக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த நிறுவனத்தையே சுமார் 1,100 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து கிலியட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரையின் விலை என்ன? ஆயிரம் டாலர்! பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர்! அதே பன்னிரண்டு வார மருந்தைச் செய்ய என்ன செலவாகும் என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 68 டாலரிலிருந்து 136 டாலருக்குள் செய்துவிடலாம் என்று எழுதினார்கள்.

84,000 எங்கே, 136 எங்கே?

ஏழை நாடுகளுக்குக் கிலியட் ஒரு வழி செய்தது, அதையும் சொல்ல வேண்டும். 2014-இல் இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு உரிமம் கொடுத்து, குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும் மலிவாக விற்கலாம் என்றது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. ஏன்? நாம் நடுத்தர வருமான நாடாம். பணக்கார நாட்டு விலையைக் கொடுக்க நம்மால் முடியாது, ஏழை நாட்டு விலை நமக்குக் கிடையாது. நடுவில் நின்றவன் கதி இதுதான்! கோலாலம்பூரின் உயரமான கட்டடங்களைப் பார்த்து நம்மை எடை போட்டார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பத்தை யார் பார்த்தார்கள்?

சுகாதார அமைச்சு விலைக்காகப் பேசிப் பார்த்தது. பேச்சு பலிக்கவில்லை. 2017 ஆகஸ்ட் மாதம், 84-ஆம் பிரிவைப் பயன்படுத்தும் முடிவை அமைச்சரவை எடுத்தது. அதே மாதத்தின் பிற்பகுதியில் கிலியட் தன் மலிவு விலைப் பட்டியலில் மலேசியாவையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. இத்தனை காலம் திறக்காத கதவு அப்போது எப்படித் திறந்தது? யோசித்துப் பாருங்கள். ஆனாலும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. செப்டம்பர் 20 அன்று முடிவைப் பகிரங்கமாக அறிவித்தது. அறிவித்த சுகாதார அமைச்சர் யார்? டாக்டர் எஸ். சுப்ரமணியம். தொழிலால் தோல் மருத்துவர், நம்மவர். ஹெப்படைட்டிஸ் சி மருந்துக்காக இப்படி ஒரு நடவடிக்கையை எடுத்த முதல் நாடு மலேசியாதான். கட்சி அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன், அந்த அறிவிப்புக்காக அவரை நாம் காலமெல்லாம் நினைக்க வேண்டும்.

அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் கொதித்தது. அங்குள்ள வர்த்தக அமைப்புகள் கண்டித்தன. நாம் தளரவில்லை. அடுத்த ஆண்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. ஒருவருக்கான முழுச் சிகிச்சையின் மருந்துச் செலவு 300 அமெரிக்க டாலர் அளவுக்கு இறங்கியது. அதோடும் நிற்கவில்லை. லாபநோக்கற்ற டிஎன்டிஐ அமைப்போடும் எகிப்தின் ஃபார்கோ நிறுவனத்தோடும் சேர்ந்து ரவிடாஸ்விர் என்ற புது மருந்தை நம் ஆஸ்பத்திரிகளிலும் தாய்லாந்திலும் சோதித்தோம். 2021 ஜூன் மாதம் அது மலேசியாவில் பதிவானது. மருந்து வாங்குகிற நாடு மருந்தை உருவாக்குவதிலும் பங்கெடுத்தது.

முதல் முறை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது எய்ட்ஸ் மருந்துக்காக. 2003 நவம்பர் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு, இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து மூன்று மருந்துகளை இறக்குமதி செய்ய அரசாங்கம் அனுமதித்தது. ஒரு நோயாளிக்கு மாதம் 315 டாலர் ஆன சிகிச்சை 58 டாலருக்கு வந்தது. சிப்லாவால் எப்படி முடிந்தது? 1970-இல் இந்தியா இயற்றிய சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கொடுக்கவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் கொடுத்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அங்கே வளர்ந்தது. 2005-இல் உலக வர்த்தக விதிகளுக்காக அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டி வந்தபோதும், பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் பிரிவு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு அந்தப் பிரிவின்படி காப்புரிமை மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சென்னையில் ஓர் அதிகாரி எழுதிய உத்தரவு உலகெங்கும் உள்ள ஏழை நோயாளிகளுக்குத் துணை நின்றது.

எய்ட்ஸ் என்றதும் எனக்குக் கையுறை நினைவுக்கு வருகிறது. இது நம் மாநிலத்துக் கதை, கேளுங்கள்!

எய்ட்ஸ் பரவிய காலம் அது. 1987-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எந்த நோயாளியின் ரத்தத்தைத் தொட்டாலும் கையுறை போட வேண்டும் என்று வழிகாட்டியது. உலகம் முழுவதும் கையுறைக்கு அலைந்தது. ரப்பர்ப் பால் எங்கே இருக்கிறது? இங்கே. தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்கிலும், ஈப்போவிலும், சித்தியவானிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. உலகம் பயன்படுத்தும் ரப்பர்க் கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியாவிலிருந்து போகும் நிலை வந்தது. நம் தாய்மார் வெட்டிய பால், டாக்டர்களின் கைகளில் ஏறியது. கூடவே யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் ஏறியது. அதுதான் ஒவ்வாமை.

ரப்பர்ப் பாலில் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பதினைந்து வகை ஒவ்வாமை தரக்கூடியவை என்று பெயரிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். கையுறை எளிதாக மாட்டுவதற்காக உள்ளே சோள மாவு தூவினார்கள். அந்த மாவில் புரதம் ஒட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றும்போதெல்லாம் காற்றில் பறந்தது. தாதிகளுக்குத் தோல் தடித்தது, சிலருக்கு மூச்சு இரைத்தது, சில நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை மேசையிலேயே ரத்த அழுத்தம் சரிந்தது. மாவு தூவிய கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடையே செய்துவிட்டது.

என் அக்காள் மகள் தாதி. கை அரிப்பு தாங்காமல் ஒவ்வாமைப் பரிசோதனைக்குப் போனாள், நான் துணைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் வரிசையாகக் கோடு போட்டார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு துளி. தூசிப்பூச்சி, இறால், வாழைப்பழம், ரப்பர்ப் பால். ஒரு முனையில் வெறும் உப்புநீர், மறுமுனையில் ஹிஸ்டமின். உப்புநீர் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் தடிக்க வேண்டும். அப்போதுதான் மற்றதை நம்பலாம். ஒவ்வொரு துளியின் நடுவிலும் சிறிய முள்ளால் லேசாகக் குத்தினார்கள், ரத்தம் வரவில்லை. பதினைந்து நிமிடம் கையை நீட்டியபடி காத்திருந்தோம். ரப்பர்ப் பால் துளி இருந்த இடத்தில் கொசு கடித்ததுபோல் ஒரு தடிப்பு, சுற்றிலும் சிவப்பு. பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் எடுத்தார்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று பொருள். வாழைப்பழத் துளியும் கொஞ்சம் தடித்திருந்தது. ரப்பர்ப் பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாழையும் பப்பாளியும்கூட ஒத்துக்கொள்ளாது. மூன்று தலைமுறையாகப் பால்மரத்தால் சோறு தின்ற குடும்பம். நான்காம் தலைமுறைப் பெண்ணின் கையில் அந்தப் பாலே தடிப்பாக எழுந்து நின்றது.

அந்தத் துளி எங்கிருந்து வருகிறது என்று நான் விசாரித்தேன். எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் கிடைக்கும் பொருளல்ல அது. தரப்படுத்திய சாறு கிடைக்காத இடங்களில் கையுறைத் துண்டை உப்புநீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரால் சோதித்த காலமும் உண்டு. அமெரிக்காவிலோ ரப்பர்ப் பால் ஒவ்வாமைக்கான குத்துச் சோதனைச் சாறு எதற்கும் இன்றுவரை உரிமம் இல்லை. ரத்தப் பரிசோதனையைத்தான் நம்பியிருக்கிறார்கள். சோதனைப் பொருளும் மருந்தைப் போலத்தான். யாராவது செய்ய வேண்டும், விற்க வேண்டும், லாபம் இல்லையென்றால் செய்யமாட்டார்கள்.

ஒவ்வாமைக்கு மாற்றாக வந்தது நைட்ரில் கையுறை. அதில் ரப்பர்ப் பால் புரதம் இல்லை. அங்கேயும் காப்புரிமை முன்னால் வந்து நின்றது! அமெரிக்காவின் டில்லட்சன் நிறுவனம், நைட்ரில் கையுறை தன் காப்புரிமை என்று சொல்லி 2007-இல் அமெரிக்க அனைத்துலக வர்த்தக ஆணையத்திடம் முறையிட்டது. மலேசியக் கையுறை நிறுவனங்கள் பலவும் எதிர்த்தரப்பில் நிறுத்தப்பட்டன. டில்லட்சன் வென்றிருந்தால் நம் நைட்ரில் கையுறைக்கு அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும். ஆனால் 2008 இறுதியில், விதிமீறல் எதுவும் இல்லை என்று ஆணையம் தீர்ப்பளித்தது. 

ஒவ்வாமை என்றால் அரிப்பு, தும்மல் என்று மட்டும் எண்ண வேண்டாம். மருந்தே ஒவ்வாமையாகிக் கொல்வதும் உண்டு. வலிப்பு நோய்க்குக் கார்பமசெபின் என்று ஒரு பழைய மாத்திரை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, விலை மலிவு, நம் ஆஸ்பத்திரிகளில் தாராளமாகக் கொடுக்கிறோம். நூற்றுக்கணக்கானோர் சாப்பிட்டு நலமாக இருக்கையில், ஒருவருக்கு மட்டும் வாயும் கண்ணும் புண்ணாகி, தீக்காயம் பட்டதுபோல் உடம்புத் தோல் கழன்றுவிடும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்பார்கள். யாருக்கு இப்படி வரும்? 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்த 44 நோயாளிகள் அத்தனை பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. பிறகு மலேசியாவில் மலாய்க்காரர்களிடமும், இந்தியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்விலும் இதே தொடர்பு தெரிந்தது. தைவானில் புதிதாக இந்த மருந்து தேவைப்பட்ட 4,877 பேருக்கு முதலிலேயே மரபணுச் சோதனை செய்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட அந்தக் கொடிய நோய் வரவில்லை. ஒருவருக்குக்கூட!

எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் இந்தச் சோதனை முறைக்கும் காப்புரிமை வாங்கப்பட்டது. மாத்திரை சில காசு, மாத்திரை கொல்லுமா கொல்லாதா என்று சொல்லும் சோதனையோ மாத்திரையைவிடப் பல மடங்கு விலை. மருந்துக் காப்புரிமை பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். சோதனைக் காப்புரிமை பற்றி யார் பேசுகிறார்கள்? இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அட்ரினலினையும் பாருங்கள். கடும் ஒவ்வாமையில் உயிர் காப்பது அந்த ஊசிதான். ஜப்பானியரான ஜோக்கிச்சி தக்காமினே 1901-இல் தனியாகப் பிரித்தெடுத்து, காப்புரிமையும் பெற்றார். அது முடிந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, மருந்துக்கு இன்று அற்ப விலை. ஆனால் தொடையில் வைத்து அழுத்தினால் தானாகவே குத்தும் பேனா போன்ற கருவி இருக்கிறதே, எப்பிபென், அமெரிக்காவில் அதன் இரட்டைப் பெட்டி 2007-இல் 100 டாலர் அளவில் இருந்தது, 2016-இல் 600 டாலரைத் தொட்டது. உள்ளே இருப்பது அதே பழைய மருந்து. உரிமை இருந்தது கருவியின் மேல்.

இன்னொரு கேள்வி உங்களுக்கு எழலாம். காப்புரிமை இருந்தால்தானே புது மருந்து வரும்? பணம் உள்ளவனுக்கு வரும் நோய்க்கு வரும். நம் கிந்தா மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துத் தடுப்பூசி போட்டார்கள், கொசு மருந்து அடித்தார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நிப்பா என்று பெயர் வந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். அதற்கு இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை, தனி மருந்தும் இல்லை. 20 ஆண்டுக் காப்புரிமை என்ற ஆசை அங்கே ஏன் வேலை செய்யவில்லை? நோயாளிகள் பன்றிப் பண்ணைத் தொழிலாளிகள். பிற்காலத்தில் வங்கதேசத்துக் கிராமத்தார், கேரளத்துக் குடும்பத்தார். அவர்களிடம் பணப்பை இல்லை.

இந்த அநியாயத்தையெல்லாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உரக்கச் சொன்னவர்கள் நம் அருகில் பினாங்கில் இருந்தார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழர், கடை வியாபாரத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். அவரோடு மார்ட்டின் கோர். இவர்களின் முயற்சியில் வளர்ந்த மூன்றாம் உலக நெட்வொர்க் காப்புரிமைச் சட்டத்தை வரிவரியாகப் படித்து ஏழை நாடுகளின் அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. பசிபிக் வட்டார நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம் வந்தபோது, மருந்துக் காப்புரிமையை நீட்டிக்கும் அதன் பிரிவுகளை எதிர்த்து வீதியில் நின்றவர்களில் சுங்கை சிப்புட்டின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் ஒருவர். 2017-இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு, அந்தப் பிரிவுகளில் பல நிறுத்தி வைக்கப்பட்டன. நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள், நீக்கிவிடவில்லை. அடுத்த வர்த்தகப் பேச்சுவார்த்தையில் அவை மீண்டும் மேசைக்கு வரலாம்.

ஆகவே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை உங்கள் வட்டாரத்துக்கு வரும்போது தார்ச் சாலையையும் கோயில் மானியத்தையும் கேளுங்கள், தவறில்லை. இதையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் 'பட்ஜெட் இல்லை' என்று சொல்லப்படும் மருந்துகளில் எத்தனை, காப்புரிமையால் விலை ஏறியவை? அவற்றில் எதற்கு 84-ஆம் பிரிவை அரசாங்கம் பரிசீலித்தது? கடும் ஆஸ்துமாவுக்கும் விடாத தோல் தடிப்புக்கும் போடும் ஒமலிசுமாப் ஊசிக்கு 2024-இல் ஐரோப்பா மாற்று மருந்தை அங்கீகரித்துவிட்டதே, இங்கே எப்போது? வலிப்பு மாத்திரைக்கு முன் செய்ய வேண்டிய மரபணுச் சோதனை பேராக் மக்களுக்கு எத்தனை நாளில், எந்தச் செலவில் கிடைக்கிறது?

கடைசியாக, இந்த அவையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை தருகிறேன். ஹெப்படைட்டிஸ் சி மருந்தின் விலை இறங்கிய பிறகு என்ன ஆனது தெரியுமா? மருந்து இருக்கிறது, நோயாளியைக் காணோம்! லட்சக்கணக்கானோருக்குத் தங்கள் உடம்பில் அந்த வைரஸ் இருப்பதே தெரியாது. அதனால்தான் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் விரைவுச் சோதனையை அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளுக்கும் கொண்டு வந்தார்கள். 1990-களின் நடுப்பகுதிக்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ ரத்தம் ஏற்றிக்கொண்ட தாய்மார், பெரியவர்கள் இந்த மண்டபத்தில் நிச்சயம் இருக்கிறீர்கள். இளமையில் ஊசி வழிப் போதைக்கு ஆளாகி மீண்டு வந்த பிள்ளைகள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களை வெட்கப்படுத்தாமல், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், 'ஹெப்படைட்டிஸ் சி சோதனை செய்ய வேண்டும்' என்று கேளுங்கள். விரைவுச் சோதனையில் தெரிந்தால், வைரஸ் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதை உறுதி செய்ய இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அதற்கும் தவறாமல் திரும்பிப் போங்கள், பலர் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். உறுதியானால், பன்னிரண்டு வாரம், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிடுங்கள். அந்த மாத்திரைக்காக இந்த நாடு யாரையெல்லாம் எதிர்த்து நின்றது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.